துறவிகள் துறக்காத சொற்கள்

சென்ற ஆண்டு நம் தமிழ் மன்றக் கூட்டமொன்றில் நான் பத்து நிமிடம் பேசினேன். அறிவியற் சொற்கள் பிறந்த கதை என்பது பொருள். அப்பேச்சின் ஒரு பகுதிக்கு நண்பர்கள் எழுப்பிய சிரிப்பும் கைத்தட்டலும் இன்றும் என் காதில் ஒலிக்கின்றன. அவற்றை நினைக்குந்தோறும் எனக்கு வெட்கமே மிகுகிறது. ஏனெனில், அன்று நான் சொன்ன கதை உண்மையன்று.

கதையை நான் கட்டவில்லை. கேட்டதை ஆராயாது சொன்னேன். ஆயினும் மேடையில் நின்று சொன்னவன் நானே. ஆய்வுக்கூடத்தில் தவறான எடையைக் குறித்துவிட்டால், அதன்மேல் ஒரு கோடு இழுத்து, சரியான எடையைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது வேதியியல் மாணவர்களாகிய எங்களுக்குக் கற்பிக்கப்படும் முதற் பாடம். தவறு தெரியாமல் தாளைக் கிழித்தெறிவது பெருங்குற்றம். ஆகவே, அன்று மேடையில் செய்த தவற்றின்மேல் இன்று இம்மலரில் கோடிழுக்க முற்படுகிறேன்.

அன்று சொன்னது இது. ஆண்டிமனி என்பது ஒரு தனிமம்; அதன் அணு எண் 51. பழங்காலம் முதல் கண்மைக்குப் பயன்பட்டு வந்த அஞ்சனக்கல்லிலிருந்து அது கிடைக்கிறது. பசில் வாலண்டைன் என்னும் ஜெர்மன் துறவி இப்பொருளைப் பன்றிகளுக்கு இட்டாராம். அவை முதலில் கழிந்து, பின்னர் நன்றாகக் கொழுத்தனவாம். நோன்பினால் மெலிந்திருந்த தம் மடத்துத் துறவியரும் அவ்வாறே கொழுக்கட்டும் என்று எண்ணி அவர்களுக்கும் கொடுத்தாராம். அவர்களோ மாண்டு போயினராம். பிரெஞ்சு மொழியில் ‘முவான்’ என்றால் துறவி. ‘ஆந்தி’ என்றால் எதிர். ஆகவே அப்பொருளுக்கு ‘ஆந்திமுவான்’, அதாவது துறவிக்குப் பகை, என்னும் பெயர் வந்ததாம்.

இக்கதை 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதியிலேயே இருக்கிறது. பேரறிஞரே எழுதியதை மாணவன் சொன்னதில் என்ன பிழை என்று நான் என்னைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால், கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மொழியியல் பயிலும் அக்கா ஒருவர் என்னை நிறுத்தி, “தம்பி, அந்தச் சொல் முதன்முதலில் எந்த மொழியில், எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தாயா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் நூலகத்துக்குப் போனேன்.

கதை வீழ்ந்த விதம்

நூலகத்தில் கிடைத்த விடை இரண்டே வரியில் அடங்கும். முதலாவது, காலம். ‘ஆன்டிமோனியம்’ என்னும் இலத்தீன் சொல் பதினோராம் நூற்றாண்டிலேயே வழங்கியது. ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் என்னும் மருத்துவ அறிஞர் அரபு நூல்களை இலத்தீனில் ஆக்கியவர். அவர் எழுத்தில் அச்சொல் காணப்படுகிறது. பசில் வாலண்டைன் பெயரிலுள்ள நூல்களோ 1600-ஆம் ஆண்டையொட்டித்தான் அச்சேறின. ஆண்டிமனியைப் புகழும் பெருநூல் வந்தது 1604-இல். பேரன் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாட்டனுக்குப் பெயரிட்டாயிற்று. பேரன்தான் பெயரிட்டான் என்பது எவ்வாறு பொருந்தும்?

இரண்டாவது, மொழி. சொல் முதலில் இலத்தீனில் வழங்கியது. இலத்தீனில் துறவிக்குப் பெயர் ‘மொனாக்கஸ்’. துறவிக்குப் பகை என்று இலத்தீனில் ஒரு சொல்லை ஆக்கியிருந்தால் அதில் ‘மொனாக்’ என்னும் பகுதி நிற்க வேண்டும். ‘முவான்’ என்பது பிரெஞ்சில் மட்டும் திரிந்த வடிவம். திரிந்த வடிவத்தைக் கொண்டு மூலச் சொல்லை விளக்குவது ஆற்றின் முகத்துவாரத்தில் நின்றுகொண்டு ஊற்று இங்கே என்பது போன்றது. ‘ஆன்டிமோனியம்’ என்பதனை அரபு மொழியில் கண்மைக்கல்லைக் குறிக்கும் ‘இத்மித்’ என்னும் சொல்லோடு இயைத்துக் காண்போர் பலர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சொல்லை எழுதிவைத்த கான்ஸ்டன்டைனே ஒரு துறவி. இத்தாலியிலுள்ள மோந்தே கசினோ மடத்தில் வாழ்ந்து மறைந்தவர். துறவியரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சொல்லை ஒரு துறவிதான் நமக்குக் காத்துத் தந்திருக்கிறார்!

கதை போயிற்று. ஆனால் அதைத் துரத்திச் சென்ற வழியில், ஐரோப்பிய மொழிகளில் துறவியரைக் குறிக்கும் சொற்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்பட்டன. பொய்க் கதையைவிட அவை எனக்கு இனித்தன. அவற்றையே இனிக் காண்போம்.

தனியன்

‘மொனாக்கஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தாய் கிரேக்க மொழியின் ‘மொனகோஸ்’. அதன் வேர் ‘மொனோஸ்’. தனி, ஒன்று என்பது பொருள். கார்பன் மோனாக்சைடில் ஓர் ஆக்சிஜன் அணுவே உண்டு என்பதைக் காட்டும் ‘மோனோ’வும் இதுவே. ஆகவே துறவி என்பான் தனியன், வேறு துணையில்லாதவன்.

கிறித்தவத் துறவு தழைத்தது எகிப்து நாட்டின் பாலைநிலத்தில். 356-இல் மறைந்த அந்தோணியார் அத்துறவியருள் புகழ்மிக்கவர். பாலைக்குக் கிரேக்கத்தில் ‘எரேமோஸ்’ என்று பெயர். அங்கு வாழ்ந்தவன் ‘எரேமித்தேஸ்’. அதுவே ஆங்கிலத்தில் ‘ஹெர்மிட்’ ஆயிற்று. ஊரைவிட்டு விலகிப் போதலுக்கு ‘அனகோரேயின்’ என்று பெயர். அதிலிருந்து ‘ஆங்கரைட்’ வந்தது. தவத்தைக் குறிக்கும் ‘அஸ்கேசிஸ்’ என்னும் சொல் பயிற்சியைக் குறித்தது. மற்போர் வீரனும் ஓட்டக்காரனும் உடலைப் பழக்கிய பயிற்சிக்கு வழங்கிய சொல்லே உள்ளத்தைப் பழக்கும் பயிற்சிக்கும் ஆயிற்று.

இச்சொற்களையெல்லாம் பார்த்தால் துறவி என்பவன் மனித முகத்தையே காணாதவன் என்று தோன்றும். ஆனால் ‘மொனகோஸ்’ என்னும் சொல் கிறித்தவத் துறவியைக் குறித்து முதன்முதலில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எகிப்தில் பையூம் பகுதியில் கரானிஸ் என்னும் ஊர். 324-ஆம் ஆண்டு. இசிதோரஸ் என்னும் குடியானவன் அதிகாரிக்கு எழுதிய முறையீடு பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. அண்டை வீட்டாரின் பசு அவன் பயிரை மேய்ந்துவிட்டது. அவன் பசுவைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வரும்போது பசுவுக்கு உரியவர்கள் தடியோடு வந்து அவனைக் கீழே தள்ளி அடித்துவிட்டு, பசுவைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவ்வழியே வந்த அந்தோனினஸ் என்னும் திருத்தொண்டரும் ஈசாக்கு என்னும் ‘மொனகோஸ்’ஸும் உதவிக்கு வந்திராவிட்டால் தன் உயிரே போயிருக்கும் என்று அவன் எழுதுகிறான்.

நம் ஊர் வரப்புச் சண்டைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? தனியன் என்று பெயர் பெற்றவன் ஏட்டில் முதன்முதலாகத் தோன்றும்போது பாலைக் குகையில் தனித்திருக்கவில்லை. நடுத்தெருச் சண்டையில் அடிபட்டவனைத் தூக்கிவிடுகிறான். நான் படித்தவற்றுள் என்னை மிகக் கவர்ந்தது இச்செய்தியே.

அதே காலத்தில் பக்கோமியஸ் என்பவர் நைல் ஆற்றங்கரையில் தபென்னிசி என்னும் இடத்தில் துறவியரை ஒன்றுசேர்த்து, சேர்ந்து உழைத்து, சேர்ந்து உண்டு, சேர்ந்து வழிபடும் வாழ்வை அமைத்தார். பொது வாழ்வு என்று பொருள்படும் ‘கொயினோஸ் பியோஸ்’ என்னும் தொடரிலிருந்து அதற்கு ‘கொயினோபியோன்’ என்று பெயர் வந்தது. ஆனால் அங்கு வாழ்ந்தவர்களுக்கும் ‘தனியர்’ என்னும் பழம் பெயரே நிலைத்தது. ‘மொனாஸ்டரி’ என்னும் சொல்லின் நேர்ப்பொருள் தனித்து வாழுமிடம் என்பது. அங்கு வாழ்வோரோ நூற்றுக்கணக்கானோர்! பெயர் ஒன்று சொல்ல, வாழ்வு வேறொன்று சொன்னது. அந்த வேற்றுமையைத் துறவியர் எவ்வாறு நிரப்பினர் என்பதைச் சிறிது பின்னர்க் காண்போம். அதற்குமுன் சொல் சென்ற வழியைப் பார்த்துவிடுவோம்.

சொல் சென்ற வழி

கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கும், இலத்தீனிலிருந்து ஐரோப்பா முழுவதற்கும் அச்சொல் பரவியது. பழைய ஆங்கிலத்தில் ‘முனுக்’, இன்று ‘மங்க்’. பழைய ஜெர்மனில் ‘முனிக்’, இன்று ‘மோன்ஷ்’. டச்சில் ‘மொனிக்’. பிரெஞ்சில் ‘முவான்’. இத்தாலியில் ‘மோனக்கோ’. செக், போலிஷ் மொழிகளில் ‘ம்னிக்’. சுவீடிஷில் ‘முங்க்’, பின்னிஷில் ‘முங்க்கி’. இக்கடைசி இரண்டு மொழிகளிலும் எண்ணெயில் பொரித்த ஓர் இனிப்புப் பலகாரத்துக்கும் இதே பெயர்தான். துறவியின் பெயரால் பலகாரம் தின்னும் பேறு வடகோடி மக்களுக்கே வாய்த்தது!

மியூனிக் நகரை எல்லாரும் அறிவோம். ஜெர்மானியர் அதனை ‘மூன்ஷன்’ என்பர். துறவியரிடத்து என்பது பொருள். 1158-ஆம் ஆண்டின் ஆவணத்தில் அப்பெயர் வருகிறது. நகரச் சின்னத்திலும் துறவியின் உருவமே இருக்கிறது. இத்தாலியர் இந்நகரை ‘பவேரியாவின் மொனாக்கோ’ என்பர். ஏனெனில் மத்தியதரைக் கடற்கரையில் மொனாக்கோ என்னும் சிறு நாடு வேறு இருக்கிறது. அதன் சின்னத்தில் வாளேந்திய துறவியர் இருவர் நிற்கின்றனர். 1297-இல் கிரிமால்டி குடியைச் சேர்ந்த பிரான்சுவா என்பவன் துறவி வேடத்தில் புகுந்து அக்கோட்டையைப் பிடித்த நிகழ்ச்சியை அது காட்டுகிறது. அப்படியானால் இந்நாட்டின் பெயரும் துறவியால் வந்ததுதானே?

இல்லை. இங்குதான் நான் சென்ற ஆண்டு விழுந்த பள்ளம் மீண்டும் வாய் திறக்கிறது. மொனாக்கோ என்னும் பெயர் கிறித்தவத்துக்கு முன்னரே அங்குக் குடியேறிய கிரேக்கர் வழங்கிய ‘மொனோய்கோஸ்’ என்பதன் திரிபு. தனி வீடு என்பது பொருள். ‘மொனோஸ்’ என்னும் வேர் இரண்டிலும் உண்டு. ஆனால் துறவி ஒன்றில்தான் உண்டு. ஒரே ஒலி, ஒரே சின்னம், பிறப்பு மட்டும் வேறு. காலத்தைக் கேளாமல் ஒலியை மட்டும் கேட்பவன் இரண்டையும் ஒன்றென்றே சொல்வான்.

சில மக்கள் சொல்லைக் கடன் வாங்காமல் கருத்தை மட்டும் வாங்கினர். உருசிய மொழியில் ‘மொனாக்’ உண்டு. அதோடு ‘இனோக்’ என்னும் சொல்லும் உண்டு. ஒன்று, தனி என்று பொருள்படும் தம் சொந்த வேரிலிருந்து ‘மொனகோஸ்’ போலவே அதனை ஆக்கிக்கொண்டனர். துறவியர் கறுப்பு உடை அணிந்தமையால் ‘செர்னேத்ஸ்’, கறுப்பர், என்றும் அழைத்தனர். கிரேக்கப் பொதுமக்களோ துறவியை ‘கலோயெரோஸ்’ என்பர். நல்ல முதியவர் என்பது பொருள். ருமேனியம், செர்பியம் முதலிய மொழிகளிலும் இதன் வழிவந்த சொற்களே வழங்குகின்றன. நூலோர் தனியன் என்றார்கள். ஊரார் நல்ல பெரியவர் என்றார்கள். வேறுபாட்டைக் கவனியுங்கள்.

வீட்டை விட்டவரின் வீட்டுச் சொற்கள்

இனி, முன்னர் நிறுத்திய இடத்துக்கு வருவோம். தாய் தந்தையரையும் உடன்பிறந்தாரையும் விட்டு வந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கியபோது ஒருவரையொருவர் என்னவென்று அழைத்தார்கள்?

மடத்தின் தலைவரை ‘அப்பா’ என்று அழைத்தார்கள். வியக்க வேண்டாம், இது அரமேய மொழிச் சொல். தந்தை என்பது பொருள். அது கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ‘அப்பாஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஆபட்’, ஜெர்மனில் ‘ஆப்ட்’, பிரெஞ்சில் ‘அபே’, ஸ்பானியத்தில் ‘அபாத்’ எனப் பல வடிவம் கொண்டது. பாலைநிலத்தில் தவம் செய்த மூதாட்டியரை ‘அம்மா’ என்றே அழைத்தனர். அம்மா சிங்கிலெத்திக்கா என்பவர் அவர்களுள் புகழ் பெற்றவர்.

உடன் வாழ்ந்தவர்கள் சகோதரர்கள். இலத்தீனில் ‘பிராத்தெர்’, அது பிரெஞ்சில் ‘பிரேர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘பிரையர்’ என்று துறவியைக் குறிக்கும் சொல்லாயிற்று. பெண் துறவியைக் குறிக்கும் ‘நன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் ‘நொன்னா’. முதியோரை மதிப்போடும் பரிவோடும் அழைக்கும் சொல். இத்தாலியில் இன்றும் ‘நொன்னா’ என்றால் பாட்டி. ஆண்பாலில் ‘நொன்னுஸ்’. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துக்கு 73 இயல்களில் ஓர் ஒழுங்கு வகுத்தார். அதன் 63-ஆம் இயல், மூத்தோர் இளையோரைச் சகோதரர் என்றும், இளையோர் மூத்தோரை ‘நொன்னுஸ்’ என்றும் அழைக்க வேண்டும் என்கிறது. வெறும் பெயர் சொல்லி அழைத்தல் கூடாது என்றும் விதிக்கிறது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதும் இதுதானே!

வீட்டை விட்டு வந்தவர்கள் வீட்டுச் சொற்களை மட்டும் விடவில்லை. தந்தை, தாய், சகோதரன், பாட்டி என்னும் உறவுகள் அத்தனையும் துறவு மடத்துக்குள் புகுந்து மீண்டும் நின்றன. தனியர் என்னும் பெயரைத் தாங்கியவர்கள் ஒருவரையொருவர் உறவு சொல்லி அழைத்தே தனிமையைத் தாங்கினர் என்று நான் கருதுகிறேன்.

‘அப்பா’, ‘அம்மா’ என்னும் சொற்களைப் படித்தவுடன் என் மனம் துள்ளியதை மறைக்கமாட்டேன். பாலைத் துறவியர் தமிழ் பேசினர் என்று அடுத்த கூட்டத்தில் முழங்கினால் சென்ற ஆண்டைவிடப் பெரிய கைத்தட்டல் கிடைக்கும்! ஆனால் குழந்தையின் வாயில் எளிதாக முதலில் எழும் ஒலிகள் இதழ்களைச் சேர்த்துப் பிறக்கும் ம, ப போன்றவை. அவற்றைப் பெற்றோர் தம்மை அழைப்பதாகக் கொள்வதால், உறவே இல்லாத மொழிகளிலும் இத்தகைய சொற்கள் ஒத்திருக்கும். ரோமன் யாக்கப்சன் என்னும் மொழியறிஞர் 1960-இல் வெளிவந்த கட்டுரையில் இதனைத் தெளிவாக விளக்கினார். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை என்று அறிந்தால், ஒலியொற்றுமை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பது விளங்கும். ஆகவே அரமேயத்தின் ‘அப்பா’வும் நம் அப்பாவும் ஒன்றுபோல் ஒலிப்பதைக் கேட்டு மகிழலாம், அதனைக் கொண்டு உறவு நாட்ட முடியாது.

‘பிராத்தெர்’ என்பதன் நிலை வேறு. வடமொழியில் ‘பிராத்ரு’. அதன் வழி வந்ததே இத்தில்லியில் நாம் நாள்தோறும் கேட்கும் ‘பாயி’. வடமொழியில் மூச்சோடு ஒலிக்கும் பகரம் நிற்கும் சொன்முதலில் இலத்தீனில் ‘எஃப்’ ஒலி நிற்பதை ஒரு சொல்லில் மட்டுமின்றிப் பல சொற்களில் காட்ட முடியும். அத்தகைய ஒழுங்கே உறவுக்குச் சான்று.

சாவியும் மடமும்

ஒத்த ஒலியில் உறவில்லாமற் போவதைக் கண்டோம். ஒவ்வாத ஒலியில் உறவு ஒளிந்திருப்பதும் உண்டு. அதற்கு நம் சட்டைப் பையிலேயே சான்று கிடக்கிறது.

இலத்தீனில் ‘க்ளௌதெரே’ என்றால் அடைத்தல். அதிலிருந்து ‘க்ளௌஸ்த்ரும்’ வந்தது. தாழ்ப்பாள் என்றும், அடைக்கப்பட்ட இடம் என்றும் பொருள். துறவு மடத்துக்கு அது பெயராகி, ஜெர்மனில் ‘க்ளோஸ்டர்’, போலிஷில் ‘க்ளாஷ்டோர்’, ஆங்கிலத்தில் ‘க்ளாய்ஸ்டர்’ என்று வழங்குகிறது. ‘க்ளௌதெரே’ பிறந்த வேரிலேயே பிறந்த மற்றொரு சொல் ‘க்ளாவிஸ்’. அடைத்ததைத் திறக்கும் கருவி என்று நாம் அறிவது. இலத்தீனின் ‘க்ள’, ‘ப்ள’ முதலிய தொடக்கங்கள் போர்த்துகீசிய மொழியில் சகரமாகத் திரிதல் இயல்பு. அவ்வாறே ‘க்ளாவிஸ்’ என்பது ‘சாவெ’ ஆயிற்று. 1498-இல் கள்ளிக்கோட்டையில் இறங்கிய போர்த்துகீசியர் பின்னர் நம் கரைகளிலும் பழகினர். அவர்களிடமிருந்து அலமாரி, மேசை, சன்னல் என்பவற்றோடு ‘சாவெ’யும் தமிழுக்கு வந்தது. திறவுகோல் என்னும் நம் சொல்லின் பக்கத்தில் சாவி வந்து அமர்ந்தது. தந்தை என்று பொருள்படும் ‘பாத்ரே’ என்னும் அவர்கள் சொல்தான் நம் பாதிரியும் ஆயிற்று.

ஆக, விடுதி அறையைப் பூட்டி நாம் பையில் போட்டுக்கொள்ளும் சாவி, ஜெர்மானியத் துறவு மடத்தின் பெயருக்குத் தூரத்து உறவு. ஒலியை மட்டும் கேட்பவனுக்கு இது ஒருநாளும் தெரியாது.

‘கான்வென்ட்’ என்னும் சொல்லோ அடைத்தலுக்கு நேர்மாறான பொருளுடையது. இலத்தீனில் ‘கொன்வென்துஸ்’ என்றால் ஒன்றுகூடல். கூடி வாழ்ந்த துறவியரின் இல்லத்துக்கு அது பெயராயிற்று. இந்தியாவில் கன்னியர் நடத்திய பள்ளிகளுக்கு அப்பெயர் வழங்கி, இன்று கன்னியர் ஒருவரும் இல்லாத ஆங்கிலப் பள்ளிகளின் பலகையிலும் ஏறியிருக்கிறது. நம் மொழியிலும் சமண முனிவர் உறைந்த இடம் பள்ளி. பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளியே.

மணியோசை

துறவு மடத்தின் நாள் வழிபாட்டு வேளைகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. கதிரவன் எழுவது முதல் மறைவது வரை பன்னிரண்டு பங்கு. ஆறாம் பங்கு நண்பகல். அது இலத்தீனில் ‘செக்ஸ்தா’. வெயிலில் வாடிய ஸ்பானியர் அவ்வேளையில் சிறிது உறங்கினர். அவ்வுறக்கமே ‘சியெஸ்தா’. ஒன்பதாம் பங்கு ‘நோனா’. பிற்பகல் மூன்று மணியளவு. அதுவே ஆங்கிலத்தின் ‘நூன்’. மூன்று மணி எவ்வாறு பன்னிரண்டு மணியாயிற்று? நோன்பு நாட்களில் ஒன்பதாம் வேளை வழிபாடு முடிந்தே உணவு. ஆகவே வழிபாடு சிறுகச் சிறுக முன்னே நகர்ந்தது என்று விளக்குவர். பசியின் ஆற்றலை விடுதி மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேளையை அறிவிக்க மணி அடித்தார்கள். இடைக்கால இலத்தீனில் மணிக்கு ‘க்ளொக்கா’ என்று பெயர். ஜெர்மனில் ‘க்ளொக்கே’ என்றும் பிரெஞ்சில் ‘க்ளோஷ்’ என்றும் இன்றும் அது அடிக்கும் மணியையே குறிக்கிறது. ஆங்கிலத்திலோ காலங்காட்டும் கருவியாகிக் ‘கிளாக்’ ஆயிற்று. தமிழிலோ கோயிலில் அடிப்பதும் மணி, கைக்கடிகாரத்தில் பார்ப்பதும் மணி. ஒரே வழியில் இரு மொழியும் தனித்தனியே நடந்திருக்கின்றன; இதற்குக் கடன் வேண்டியதில்லை, மணியோசை போதும்.

பெனடிக்டின் ஒழுங்கு, மாலையில் துறவியர் கூடி யோவான் காசியான் எழுதிய ‘கொல்லாத்தியோனேஸ்’ என்னும் உரையாடல் நூலைப் படிக்கக் கேட்க வேண்டும் என்கிறது. அவ்வேளையில் உண்ட சிற்றுணவுக்கு நூலின் பெயரே நின்றது. இத்தாலியில் இன்று ‘கொலாத்சியோனே’ என்றால் காலைச் சிற்றுண்டி. முக்காட்டுக்கு இத்தாலியில் ‘கப்பூச்சோ’ என்று பெயர்; முக்காடிட்ட கப்பூச்சின் துறவியரின் பழுப்பு உடை நிறத்தால் ‘கப்புச்சினோ’ என்னும் காப்பிக்குப் பெயர் அமைந்தது. பிரெஞ்சில் சிட்டுக்குருவிக்குப் பெயர் ‘முவானோ’. அதன் நிறத்தால் குட்டித் துறவியாயிற்று.

உயிரியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு சொல். ராபர்ட் ஹூக் 1665-இல் தக்கையைப் பெருக்கிக் கண்டபோது துறவியரின் சிற்றறைகளை நினைந்தே ‘செல்’ என்று பெயரிட்டார் என்று வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். துறவியின் அறைக்கும் ‘செல்’ என்று பெயர் உண்டு என்பது உண்மையே. ஆனால் ஹூக் தம் நூலில் காட்டிய உவமை தேன்கூடு. இக்கதையை நான் மேடையில் சொல்லாமல் தப்பியது என் நல்லூழ்.

முடிவுரை

தில்லிக்கு நான் வந்த முதற் குளிர்காலத்தில் விடுதியில் என்னை எல்லாரும் அறை எண்ணால் அறிந்தார்கள். பதிவேட்டில் சுழல் எண்ணால் அறிந்தார்கள். ஒருநாள் காய்ச்சலில் கிடந்தபோது கதவைத் தட்டி, “தம்பி, கஞ்சி கொண்டுவந்திருக்கிறேன்” என்று ஒரு குரல் கேட்டது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரைவிட்டு வந்த ஐந்து மாதங்களில் என்னை உறவு சொல்லி அழைத்த முதற் குரல் அது. அன்றுதான் இம்மன்றத்தில் சேர்ந்தேன். இங்கு மூத்தவர் அண்ணனும் அக்காவும். இளையவர் தம்பியும் தங்கையும். யாரும் விதிக்கவில்லை. பெனடிக்டின் 63-ஆம் இயலைப் படித்தபோது எனக்கு நம் மன்றமே நினைவுக்கு வந்தது. நாம் துறவிகள் அல்லோம். படிப்புக்காக வீட்டை விட்டு வந்தவர்கள். ஆயினும் வீட்டுச் சொற்களை விடாமல் கொண்டுவந்தோம்.

உறவு சொல்லி அழைப்பவர்களிடையே உண்மையும் சொல்ல வேண்டும். அந்த அக்கா என்னைத் தம்பி என்று அழைத்துத்தான் தவற்றைக் காட்டினார். மேடையில் மறுக்கவில்லை, பின்னால் இகழவுமில்லை. எங்கே, எப்போது என்று கேட்டார், அவ்வளவே. தமிழின் தொன்மை பற்றிப் பேசும்போதும் நாம் ஒருவரையொருவர் இவ்விரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோமாக. தமிழுக்கு மெய்யான பெருமை நிரம்ப உண்டு. ஒலியொப்புமையால் அதைப் பெருக்க வேண்டிய வறுமை நமக்கில்லை.

ஆகவே, சென்ற ஆண்டு என் பேச்சைக் கேட்டவர்கள் ஆண்டிமனிக் கதையின்மேல் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அதனை வேறு யாருக்கேனும் சொல்லியிருந்தால் அவர்களிடமும் திருத்திச் சொல்லுங்கள். சரியான எடையைப் பக்கத்தில் எழுதிவிட்டேன். இக்கட்டுரையின்கீழ் வரும் என் பெயரைக் கையொப்பமாகக் கொள்க.